பூஸ்டர் வீடு

“அப்பா, நீங்கள் ஏணியில ஏறாட்டி ஊரில ஒருத்தருக்கும் படம் தெரியாதோ?”

லக்சிகா இதைக் கேட்டபோது அவளுக்கு ஐந்து வயது. குளத்துக்கட்டோரப் பனையொன்றில் சிவகரன் கேபிளை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். ஏணி சரிந்துவிடாமல் தானே பிடித்துக்கொண்டிருப்பதாக நினைத்து, அவள் கீழே இரண்டு கைகளாலும் ஏணிக்காலைக் கட்டிப்பிடித்திருந்தாள். “ஓம் பிள்ளை, ஒருத்தருக்கும் தெரியாது” என்று அவன் மேலேயிருந்து சொன்னான். உடையார்கட்டில் அன்றைக்கு அது உண்மைதான்.

இப்போது அவள் பத்தாம் ஆண்டு படிக்கிறாள். சிவகரன் அதே ஏணியை விமலேஸ்வரியின் வீட்டுச் சுவரில் சாத்தி, ஓட்டு விளிம்பில் இரும்புக் குழாயொன்றை நிமிர்த்திக்கொண்டிருந்தான். குழாயின் நுனியில் மீன்முள்ளைப் போல ஒரு அன்ரனா. ஐப்பசி மழை சற்று ஓய்ந்திருந்தது. ஓட்டில் பாசி வழுக்கியது.

“இன்னும் கொஞ்சம் கொக்காவில் ரீவிக் கோபுரப் பக்கம் திருப்பும் தம்பி” என்று கீழே நின்ற விமலேஸ்வரி கையை நீட்டினார். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் கடை வைத்திருப்பவர் அவர்.

“கொக்காவில் இந்தப் பக்கம் அக்கா. நீங்கள் காட்டுறது முல்லைத்தீவுக் கடல்.”

“எனக்கென்ன தெரியும்? நான் என்ன கோபுரத்துக்கு மேல ஏறிப் பார்த்தனானே?”

உள்ளேயிருந்து அவருடைய மகன் சாருஜன் கத்தினான். “வருது… வருது… ஐயோ போட்டுது! அண்ணை, முந்தி இருந்த இடத்திலயே விடுங்கோ!”

படம் நிலைத்ததும் சிவகரன் ஆணியை இறுக்கினான். பிறகு, அவனே சில வருடங்களுக்கு முன் இதே கூரைக்குள்ளால் இறக்கிவிட்ட கேபிளைக் கழற்றி, நுனியை வளைத்து, வேலிப் பூவரசில் தொங்கவிட்டான். இறங்கி வந்தபோது விமலேஸ்வரி தேத்தண்ணியோடு நின்றார். அவனுடைய முகத்தை அவர் நேரே பார்க்கவில்லை.

“குறை நினையாதையும் சிவகரன். பெடியன் அந்த இன்ரநெற் பெட்டியை வாங்கிட்டான். எல்லாப் படமும் அதுக்கை கிடக்காம். செய்திக்கு அன்ரனா காணும் எண்டுறான். பிறகு கேபிளை வச்சு என்ன செய்யிறது?”

“அதுக்கென்ன அக்கா.”

“உம்மட்டைச் சொல்லவே வெக்கமாக் கிடந்தது. ஆனா உம்மை விட்டா ஆர் இதை வடிவாப் பூட்டித் தருவினம்?”

இப்படித்தான் எல்லோரும் சொன்னார்கள். ஊருக்கு ரீவிக்காரன் அவன்தான். கேபிளை நிறுத்தப் போகிறவர்களும் அவனைத்தான் கூப்பிட்டார்கள். கடையில் வாங்கிய பெட்டியின் எந்த வயரை எங்கே செருகுவது, ரிமோட்டில் எதை அழுத்துவது, அன்ரனாவை எப்படித் திருப்புவது என்று அவனுக்குத் தெரியும் என்று நம்பினார்கள். தனக்குத் தெரியாததை அவனும் சாருஜன் போன்ற பெடியங்களிடம் கேட்டுத்தான் செய்தான். ஒருத்தர் வந்து “தம்பி, ஒருக்கா வந்து பாரும்” என்றால் மறுக்க அவனுக்கு வாய் வராது. கூலி கேட்கவும் வராது. ஒரு வீட்டில் பூசணிக்காய் கொடுத்தார்கள். இன்னொரு வீட்டில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

“ஊரெல்லாம் உங்கட வேலையை நீங்களே வெட்டிப்போட்டுப் பூசணிக்காயோட வாறியள்” என்று அவனுடைய மனைவி சுரேகா குசினிக்குள்ளிருந்து சொல்வாள். “இனி எங்கட வீட்டிலயும் ஒரு பெட்டியைப் பூட்டிப்போட்டு, எங்களையும் வெட்டி விடுங்கோ.”

அவன் சிரிப்பான். ஆனால் கேபிள் வேலையைத் தவிர அவனுக்குக் காணியுமில்லை, வேறு தொழிலுமில்லை.

அன்றைக்குப் பின்னேரம் முதலாளி ஜனார்த்தனன் அவனைப் புதுக்குடியிருப்புக்குக் கூப்பிட்டார். கேபிள் நிலையம் அவருடைய வீட்டின் முன்னறைதான். சுவரோரம் அடுக்கியிருந்த பெட்டிகள் சூடாக இரைந்துகொண்டிருந்தன.

“சிவா, ஒரு கதை கேள்விப்பட்டன். ஊரில பெட்டி பூட்டிக் குடுக்கிறது நீராம்.”

“கூப்பிட்டா என்னெண்டண்ணை போகாம விடுறது?”

“எங்கட கடைக்கு நெருப்பு வைக்க வாறவனுக்கு நீர் நெருப்புப்பெட்டி எடுத்துக் குடுக்கிறீர். சரி, அதை விடும்.” ஜனார்த்தனன் நெற்றியைத் தேய்த்தார். கோபப்பட அவருக்கும் தெம்பில்லை. “சூரன்போரை நேரடியாப் போடப்போறன். உங்கட முருகன் கோயில். பெட்டியில உலகமெல்லாம் வரும், உங்கட ஊர்ச் சூரன் வருவானோ? ஆக்கள் பார்த்தால் திரும்பி வருவினம். வராட்டி அந்தக் குளத்துப் பக்க லைனைச் சுருட்ட வேண்டியதுதான். பிறகு உமக்கு நான் வேலைக்கு எங்கை போறது?”

“விளங்குதண்ணை.”

“அண்டைக்கு ஒரு நிமிசம் படம் நிக்கக்கூடாது. அது உம்மட பொறுப்பு.”

உள்ளே ஜனார்த்தனனின் சின்ன மகள் காட்டூன் பார்த்துச் சிரிக்கும் சத்தம் கேட்டது. கேபிளில் அப்படியொரு காட்டூன் வருவதில்லை என்பது சிவகரனுக்குத் தெரியும்.

குளத்துப் பக்க லைன் முழுவதும் சிவலட்சுமியின் வீட்டை நம்பியிருந்தது. கேபிளில் வரும் படம் தூரம் போகப் போக மங்கிவிடும். இடையில் ஒரு பூஸ்டர் வைத்து அதைத் தூக்கிவிட வேண்டும். பூஸ்டருக்குக் கரண்ட் வேண்டும். அதற்காக முதலாளி எந்தக் கம்பத்திலும் மீற்றர் எடுப்பதில்லை. வழியில் ஒரு வீட்டைப் பார்த்து, அந்தச் சுவரில் பூஸ்டரைப் பூட்டி, அந்த வீட்டுக் கரண்டிலேயே ஓடவிடுவார். பதிலுக்கு அந்த வீட்டுக்குக் கேபிள் சும்மா. எழுத்தில் ஒன்றுமில்லை, எல்லாம் வாய்ப்பேச்சுத்தான். அப்படிப்பட்ட வீட்டைப் பூஸ்டர் வீடு என்பார்கள். அந்த வீட்டில் கரண்ட் நின்றால், அதற்கு அப்பாலுள்ள எல்லா வீட்டு ரீவியிலும் படம் போய் வெறும் புள்ளிப் பொரிதான் தெரியும்.

சிவலட்சுமியின் குடும்பம் முன்னொரு காலத்தில் மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து வந்து வன்னியில் காடு வெட்டிக் குடியேறியது. கணவர் காலமாகிவிட்டார். அடுத்தவர் வயலில் களை பிடுங்கியும், ஒருநாள் வயதுக் கோழிக்குஞ்சுகளை வாங்கி வந்து வளர்த்து விற்றும் அவர் தனியாகச் சீவித்தார். விறாந்தை மூலையில் பலகைப் பெட்டியொன்று இருந்தது. அதற்குள் உமி பரப்பி, மேலே ஒரு மின்குமிழ் தொங்கவிட்டு, அந்தச் சூட்டில் குஞ்சுகளை வைத்திருப்பார். கரண்ட் போகும் நேரத்துக்கென்று பழைய உழவு இயந்திரப் பற்றரி ஒன்றும் இன்வேட்டரும் பக்கத்தில் இருக்கும்.

சூரன்போருக்கு முதல்நாள் சிவகரன் பூஸ்டரைத் துடைத்து, வயர்களை இறுக்கிவிட்டுப் போனான். போகும்போது பூஸ்டருக்கு முன்னால் நின்று கை கூப்பினான். சிவலட்சுமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“தம்பி, அதுக்குச் சூடம் ஏத்திக் காட்டவா?”

“விளையாடாதேங்கோ அக்கா. நாளைக்கு இதுதான் எனக்கு முருகன்.”

மறுநாள் காலையிலிருந்தே காற்று. கடலில் தாழமுக்கம் என்று வானொலியில் சொன்னார்கள். மத்தியானத்துக்குப் பிறகு மழை தூறலாகக் குறைந்தது. குளத்திலிருந்து வந்த காற்று மட்டும் ஈரச்சீலையைப் போல உடம்பில் ஒட்டியது. கோயில் வீதியில் சூரனைத் தூக்குகிறவர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்கள். படம்பிடிக்க வந்தவர் கருவியைப் பொலித்தீன் பையால் மூடியிருந்தார். மேளம் தொடங்கிச் சிறிது நேரத்தில் சிவகரனின் கைபேசி அடித்தது.

“தம்பி, இஞ்சை ஒரே பொரியாக் கிடக்கு.” விமலேஸ்வரியின் பக்கத்து வீட்டுக்காரர். அவர் வைப்பதற்குள் அடுத்த அழைப்பு. அதற்குள் ஜனார்த்தனனும் கூப்பிட்டுவிட்டார்.

“என்ன சிவா? என்ன செய்யிறீர்?”

“போறனண்ணை. இப்ப போறன்.”

மோட்டார் சைக்கிள் சேற்றில் இழுபட்டது. வழியெல்லாம் வீடுகளில் விளக்கு எரிந்தது. கரண்ட் இருக்கிறதே, பிறகென்ன பிழை என்று யோசித்தபடி போனான். சிவலட்சுமியின் படலைக்கு வந்ததும் விளங்கியது. பனையோலையொன்று மின்கம்பியில் விழுந்து, கம்பிகளில் ஒரு பேஸ் கரண்ட் மட்டும் நின்றுபோயிருந்தது. அந்தப் பேஸில் இருந்தது அவருடைய வீடும் ஒழுங்கைக் கடைசியிலுள்ள கிணற்று மோட்டாரும்தான். கரண்ட் உள்ள அடுத்த வீடு வாய்க்காலுக்கு அங்கால். தண்ணீர் நிறைந்து ஓடும் வாய்க்காலுக்குக் குறுக்கே கரண்ட் வயர் இழுக்க முடியாது.

விறாந்தையில் குஞ்சுப்பெட்டிக்கு மேல் குமிழ் எரிந்தது. பற்றரியில்.

அவன் பூஸ்டரைப் பார்த்தான். பற்றரியைப் பார்த்தான்.

“ஏன் தம்பி மூஞ்சி இப்படிப் போயிருச்சு? சூரன்போர் தெரியலையா?”

“அங்கால ஒரு வீட்டுக்கும் தெரியேல்லை அக்கா.”

கைபேசி மறுபடி அடித்தது. முதலாளியின் பெயர். அவன் எடுக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றான். சிவலட்சுமி அதையும் பார்த்தார். குனிந்து இன்வேட்டரிலிருந்து குமிழின் வயரை உருவினார்.

“இதுல மாட்டுங்க.”

“குஞ்சுகள்?”

“சாக்குப் போட்டு மூடிக்கிறேன். போத்தல்ல சுடுதண்ணி ஊத்தி நடுவுல வச்சாப் போதும். ஒண்ணும் ஆவாது. ரெண்டும் சேத்து இழுத்தா பற்றரி தாங்காது, அதான். மாட்டுங்க தம்பி, சாமி நிக்குது பாருங்க.”

காற்று விறாந்தைக்குள்ளால் சீறிக்கொண்டு போவது அவனுக்கும் தெரிந்தது. இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பூஸ்டரின் வயரைச் செருகினான். சிவப்பு விளக்கு பற்றியது.

“முடிஞ்ச உடன வந்து திருப்பிக் குமிழுக்குக் குடுக்கிறன் அக்கா. நீங்கள் வயரைத் தொடாதேங்கோ.”

“போங்க, போங்க.”

லைனின் கடைசி வீடு அப்புத்துரை ஐயாவுடையது. படம் அதுவரை போகிறதா என்று பார்க்க அங்கே போனான். பாரிசவாதத்தில் விழுந்து கட்டிலோடு கிடக்கும் மனிதர். மருமகள் சிவதர்சினி அவரைத் தலையணை வைத்து நிமிர்த்தியிருந்தாள். திரையில் யானைமுகச் சூரன் சாய்ந்துகொண்டிருந்தான். அப்புத்துரையின் ஒரு கை மட்டும்தான் எழும்பும். அந்தக் கையை, மற்றக் கை இருக்க வேண்டிய இடத்தில் இருப்பதாகவே நினைத்து, நெஞ்சுக்கு முன்னால் கும்பிட்டபடி நிமிர்த்தி வைத்திருந்தார்.

“நான் நட்ட மாமரத்தடியில நிண்டு படம் பிடிக்கிறாங்கள்” என்று குழறலாகச் சொன்னார். “தம்பி, அது நான் நட்ட மரம்.”

சிவகரன் சிறிது நேரம் அங்கேயே நின்றுவிட்டான்.

சூரன் விழுந்து, சேவலும் மயிலும் ஆகி, தீபம் காட்டி முடிந்தது. கிளம்பும்போது ஜனார்த்தனன் கைபேசியில் அழைத்தார். படம் கண்ணாடி மாதிரி இருந்ததாம், படம்பிடித்தவரின் வயரைச் சுருட்டிக் கொடுத்துவிட்டுப் போகட்டுமாம். கோயிலில் ஐயர் கூப்பிட்டுத் திருநீறு தந்தார். ஒருத்தர் சுண்டல் தந்தார். நல்லாயிருந்தது என்று நாலு பேர் சொன்னார்கள். அவன் அதைக் கேட்டுக்கொண்டு நின்றான். சிவலட்சுமியின் வீட்டுக்கு அவன் திரும்பி வந்தபோது நன்றாக இருட்டிவிட்டது.

அவர் குப்பி விளக்கோடு பெட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். குளிருக்குக் குஞ்சுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி மூலையில் குவிந்துவிட்டன. அடியில் அகப்பட்டவை நசுங்கியும், மேலே கிடந்தவை விறைத்தும் போயிருந்தன. அவர் ஒவ்வொன்றாக எடுத்து, வயிற்றைத் தடவிப் பார்த்து, ஒரு சுளகில் வைத்துக்கொண்டிருந்தார். சீலைத் தலைப்புக்குள் உயிரோடு சில கீச்சிட்டன.

“அக்கா…”

“வயர மாத்துங்க தம்பி. மிச்சத்துக்குச் சூடு வேணும்.”

அவன் வயரை மாற்றினான். “நான் உடன வந்திருக்க வேணும். இதை நான் எப்பிடியாவது வாங்கித் தாறன்.”

“நீங்க ஏன் தர்றீங்க?” அவருடைய குரலில் கோபமில்லை. “நான் உங்களுக்கா குடுத்தேன்? சாமி காரியத்துக்குக் குடுத்தேன். அதப் போயி நீங்க திருப்பித் தர முடியுமா? அப்படி ஏதும் கொண்டுட்டு வந்தீங்கன்னா இந்தப் படலையைத் திறக்க மாட்டேன். அந்த அப்புத்துரை ஐயா பாத்தாரா?”

“பார்த்தவர்.”

“அப்புறம் என்ன?”

ஆனால் கேபிளுக்கு ஒருத்தரும் திரும்பி வரவில்லை. விமலேஸ்வரியின் கடையில் சிவகரன் அதன் காரணத்தைக் கேட்டறிந்தான். கோயில் வீதியில் அனோஜன் என்ற பெடியன் கைபேசியைக் குடைக்கு அடியில் பிடித்து முழுச் சூரன்போரையும் இணையத்தில் நேரடியாக விட்டிருக்கிறான். கனடாவில் மாமன்மார் பார்த்தார்களாம். ஊரிலும் அதைத்தான் பார்த்தார்களாம், பெட்டிக்குள்ளால், பெரிய திரையில். “நாங்களும் அதிலதான் பார்த்தனாங்கள்” என்றார் விமலேஸ்வரி. “வடிவாத் தெரிஞ்சுது தம்பி. ஏன், நீர் பார்க்கேல்லையே?”

அந்தக் கிழமையே ஜனார்த்தனன் முடிவைச் சொன்னார். சொல்லும்போது கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“குளத்துப் பக்கத்தைக் கழட்டும் சிவா. பூஸ்டரையும் ஏணியையும் கொண்டந்து தாரும். சம்பளத்துக்கு இப்ப என்னட்டை வழியில்லை. கழட்டுற வயரை நீரே எடும். உள்ளுக்கை செம்பு. நல்லாப் போகும்.”

பனையிலிருந்தும் பூவரசிலிருந்தும் வேலிக் கதியாலிலிருந்தும் அவன் கேபிளை அவிழ்த்தான். கட்டிய நாளிலிருந்து மரங்கள் பருத்திருந்தன. சில இடங்களில் கேபிள் பட்டைக்குள்ளே புதைந்து போயிருந்ததால் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. அப்புத்துரை ஐயாவின் வீட்டுக் கேபிளைக் கழற்றமுன், கழிவாகக் கிடந்த குழாயில் ஒரு அன்ரனாவைப் பூட்டிக் கொடுத்தான். சிவலட்சுமியின் வீட்டில் பூஸ்டரைக் கழற்றும்போது அவர் ஒத்தாசையாக விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பிழைத்த குஞ்சுகளையும் விற்றுவிட்டதாகச் சொன்னார். பெட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்.

“இனி எப்ப அக்கா குஞ்சு போடுவியள்?”

“பாப்பம் தம்பி. அறுவடை முடியட்டும்.”

பழைய இரும்பு வாங்குகிறவர் கேபிளின் நுனியைச் சீவி, உள்ளேயிருந்த கம்பியைக் கத்தியால் சுரண்டினார். செந்நிறம் உரிந்து உள்ளே வெள்ளை தெரிந்தது. காந்தத்தை வைத்தார். ஒட்டிக்கொண்டது.

“செம்பு எண்டு ஆர் தம்பி சொன்னது? இது இரும்பு. மேல செம்பு பூசியிருக்கு. பழைய இரும்பு விலைதான்.”

சிவகரன் சுருள்களைப் பார்த்தான். குளத்துக்கட்டிலிருந்து கடைசி வீடு வரை போய்வந்த லைன் முழுவதும் அந்த முற்றத்தில் கிடந்தது. “சரி, நிறுங்கோ” என்றான்.

வீட்டுக்கு வரும் வழியில் மோட்டார் சைக்கிளைப் புதுக்குடியிருப்புச் சந்தியில் திருப்பினான். சுரேகா காசைக் கேட்டால், வயருக்குள் செம்பில்லையாம் என்று சொல்லலாம். அது பொய்யல்ல. திங்கட்கிழமையிலிருந்து வயலுக்கு மருந்தடிக்க வரச்சொல்லி ஒருத்தர் சொல்லியிருந்தார்.

மறுநாள் காலையில் சிவலட்சுமி களை பிடுங்கப் போகும்வரை அவன் வாய்க்காலுக்கு இப்பால் காத்திருந்தான். பெண்களின் பேச்சுச்சத்தம் வயற்கரையோடு தூரப்போனது. படலையின் கொளுக்கியை எடுத்து உள்ளே போனான். துளையிட்ட கடதாசிப் பெட்டியொன்று அவன் நெஞ்சோடு இருந்தது. அதற்குள் கீச்சிடும் சத்தம்.

பலகைப் பெட்டியை நிமிர்த்தி, உமி பரப்பி, குமிழைத் தாழ்த்தித் தொங்கவிட்டான். சூடு ஏறும்வரை கையை அதன் கீழே பிடித்துப் பார்த்தான். கிணற்றில் தண்ணீர் அள்ளி வந்து ஒரு தட்டில் ஊற்றி வைத்தான். புதிய குஞ்சுகளுக்குத் தண்ணீர் குடிக்கத் தெரியாது. ஒவ்வொன்றாகத்தான் பழக்க வேண்டும். கேபிள் உறை உரசிக் கறுத்துப்போன உள்ளங்கையில் ஒரு குஞ்சை எடுத்து, அதன் அலகை மெல்லத் தண்ணீரில் தொட்டான். அது தலையை உதறி, கழுத்தை மேலே நீட்டி விழுங்கியது. குமிழின் அடியில் விட்டுவிட்டு அடுத்ததை எடுத்தான்.